ஆட்டு இதயத்துக்குத் தையல் போட்ட கதை

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம். பொம்பளப் புள்ளைங்க மட்டும் படிக்கிற பள்ளிக்கூடம். அங்க ஒரு நாள் அறிவியல் திருவிழா. அப்பா சொல்லச் சொல்ல நீ ம் சொல்லு, இல்லன்னா கதை பாதியில நின்னுரும்.

"ம்."

ஆங். திருவிழான்னதும் ராட்டினம், பஞ்சுமிட்டாய்னு நெனச்சிராத. வகுப்புக்கு ஒரு மேசை. ஒண்ணுல காந்தம், ஒண்ணுல பூதக்கண்ணாடி. வெளிய மைதானத்துல, பாட்டில்ல தண்ணி ஊத்தி, காத்தடிச்சு விடுற ராக்கெட்டு. சொய்ய்ய்ங்! இதையெல்லாம் செஞ்சு காட்டுறதுக்கு அக்காமாரு, அண்ணமாரு வருவாங்க. சம்பளமெல்லாம் கெடையாது, ஆசைக்கு வர்றதுதான். அதுல ஒருத்தி ஜெசிந்தா. ஜெராக்ஸ் கடையில வேலை. லீவு கெடைச்சா போதும், எதாச்சும் ஒரு பள்ளிக்கூடத்துல போய் நிப்பா. அவ காட்டுறது இதயம். அது உள்ள ரத்தம் எப்பிடி வருது, எப்பிடி வெளிய போகுதுன்னு சொல்லுவா.

போன தடவை வந்தப்போ படம் மட்டும்தான் கொண்டாந்திருந்தா. பாத்துட்டு எல்லாரும் போயிட்டாங்க. எட்டாவது படிக்கிற புள்ள ஒண்ணு, எழிலரசின்னு பேரு, அது மட்டும் போகாம நின்னுச்சு.

"அக்கா, இதயத்துல ஓட்டைன்னா ரத்தமெல்லாம் வயித்துக்குள்ள கொட்டிருமா?"

"யாருக்குடி ஓட்டை?"

"எனக்குத்தான். பொறந்ததுலருந்தே. இப்போ ஆபரேசன் பண்ணணுமாம்."

வகுப்புல ஒருத்திகிட்டயும் சொன்னதில்லையாம். ராவுல படுத்தா, உள்ள சொட்டுதான்னு காது குடுத்துக் கேட்டுக்கிட்டே கெடக்குமாம். ராவெல்லாம் முழிச்சுக் கெடக்குறவங்களுக்குத்தான் தெரியும் குட்டி, நெஞ்சு எம்புட்டுச் சத்தம் போடும்னு. லப்டப், லப்டப்... அது கெடக்கட்டும்.

ஜெசிந்தா சொன்னா, "அடுத்த தடவை நெசமான ஆட்டு இதயத்தையே கொண்டாறேன். ஒன் கையிலயே குடுக்கிறேன். நீயே பாத்துக்க."

அந்த அடுத்த தடவைதான் இந்தத் திருவிழா. ஆனா அன்னிக்கு மத்தியானமே எழிலரசியோட அப்பா வந்து, அவள மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகப்போறாரு. அதுக்குள்ள காட்டியாகணும். இல்லன்னா, கொட்டிருமோ கொட்டிருமோங்கிற பயத்தோடயே போய்ப் படுக்கணும் அந்தப் புள்ள.

"ம்."

அப்போ ஜெசிந்தா விடிஞ்சதும் கறிக்கடைக்கு ஓடுனா. கடைக்காரரு சிக்கந்தர் பாய்.

"பாய், ஒரு இதயம் குடுங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு."

"புள்ளைங்களுக்கா? நல்லதாத் தர்றேம்மா!"

இவ அந்தப் பக்கம் திரும்பி போன் பேசிக்கிட்டிருந்தா. கட்டையில தங், தங், தங். பொட்டலத்த வாங்கிட்டு வந்துட்டா. மேசையச் சுத்திப் புள்ளைங்க கூட்டம், முன்னாடி எழிலரசி. பொட்டலத்தப் பிரிச்சா... ரத்தக் குழாயக் கழிச்சு, கொழுப்ப எடுத்து, பொடிப் பொடியாத் துண்டு! புள்ளைங்களுக்குன்னு சொன்னாளா, மெல்லறதுக்குச் சுளுவா இருக்கட்டும்னு வெட்டித் தந்துட்டாரு மனுசன்.

சயின்ஸ் டீச்சர் எட்டிப் பாத்தாங்க. "ஏம்மா, இதுல எது எடது பக்கம், எது வலது பக்கம்?"

"வெங்காயம் வதக்குனாப் போதும் மிஸ்!"னு பின்னாடியிருந்து ஒருத்தி.

ஒரே சிரிப்பு. எழிலரசி மட்டும் சிரிக்கல. செவுத்துக் கடிகாரத்தப் பாத்தா.

அப்புறம் ஜெசிந்தா ஸ்கூட்டிய எடுத்தா. டுர்ர்ர்ர்! "பாய், முழுசா வேணும் பாய். குழாயோட."

"குழாயோடயா? அத எப்பிடிம்மா திம்பாங்க?"

"திங்க இல்ல பாய், பாக்க."

"பாக்கவா!" பாய் தலையச் சொறிஞ்சாரு. ஆனாலும் குழாயெல்லாம் தொங்கத் தொங்க முழு இதயமாக் குடுத்தாரு. பைய வண்டிக் கொக்கியில மாட்டிக்கிட்டு வந்தா. பள்ளிக்கூட கேட்டு இருக்கே, அது ரெண்டு கையாலயும் தள்ளுனாத்தான் தெறக்கும். கிரீச்ச்சுனு தள்ளுறா, அப்போ எங்கருந்தோ ஒரு செவல நாய். லபக்! பையோட ஒரே ஓட்டம். பி.டி. மிஸ் பீய்ய்ய்னு விசிலடிக்க, கோகோ ஆடிக்கிட்டிருந்த புள்ளைங்க அம்புட்டும் நாய் பின்னாடி தபதபன்னு ஓடுதுங்க. அது காம்பவுண்டு செவுத்து இடுக்குல பூந்து, போயே போச்சு.

"நாய் தின்னுருச்சாப்பா?"

பின்ன என்ன, பாடம் நடத்துமா?

அப்புறம் மூணாவது தடவை. வெயில் ஏறிப்போச்சு. பாய் கடையக் கழுவிக்கிட்டிருக்காரு. "தீந்துருச்சேம்மா. கடைசி இதயம், அந்தா போகுது பாரு, அந்தம்மா கூடையில."

அந்தம்மா பேரு குருவம்மா. ஜெசிந்தா ஓடிப்போய் முன்னாடி நின்னா. "அம்மா, அந்த இதயத்த எனக்குக் குடுத்துருங்களேன்."

"ஏன், ஒன் வீட்டுக்கும் மாப்ள வந்திருக்காரா?"

ஜெசிந்தா மூச்சு வாங்க வாங்க எல்லாத்தையும் சொன்னா. குருவம்மா கூடைய இந்த இடுப்புலருந்து அந்த இடுப்புக்கு மாத்துனா. "பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவியா? இத வறுத்து வச்சாத்தான் எங்க மாப்ள மொகங்குடுத்தே பேசுவாரு."

"குடுத்துர்றேம்மா."

"ஒன்ன எப்பிடி நம்புறது? நானும் வாரேன்." சொல்லிட்டு, ஸ்கூட்டி பின்னாடி ஏறி உக்காந்துட்டா.

முழிச்சிருக்கியா?

"ம்."

அப்போ குருவம்மா வகுப்புல முதல் பெஞ்சுல உக்காந்தா. இதயம் எழிலரசி கைக்கு வந்துச்சு. "சில்லுன்னு இருக்குக்கா. கனமா இருக்கு." ஜெசிந்தா அதக் குறுக்க வெட்டுனா. உள்ள பாத்தா, ரெண்டு அறை, நடுவுல ஒரு சுவரு. ரெண்டு டம்ளர ஒட்டி வச்ச மாதிரி. எழிலரசி இந்தப் பக்கம் ஒரு வெரலு, அந்தப் பக்கம் ஒரு வெரலு விட்டு அந்தச் சுவத்தத் தடவிப் பாத்தா. பாத்துட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேட்டா:

"எனக்கு ஓட்டை எங்கக்கா?"

எல்லாப் புள்ளைங்களும் அவளத் திரும்பிப் பாத்துச்சுங்க.

ஜெசிந்தா பென்சில் முனையால அந்த நடுச்சுவத்துல குத்தி ஒரு ஓட்டை போட்டா. "இங்க."

"அப்போ வெளிய கொட்டாதா?"

"எப்பிடிக் கொட்டும்? இந்த அறை ரத்தம் அந்த அறைக்குப் போயிருது, அவ்ளோதான். அதான் படியேறுனா ஒனக்கு மூச்சு வாங்குது."

எழிலரசி ஒரு அறையில தண்ணி ஊத்துனா. ஓட்டை வழியா அடுத்த அறைக்குப் பொளபொளன்னு போச்சு. கொஞ்ச நேரம் அதையே பாத்தா. அப்புறம், "தச்சுப் பாக்கட்டுமாக்கா?"

ஒருத்தி ஓடிப்போய் தையல் டீச்சர்கிட்ட ஊசி நூல் வாங்கியாந்தா. குருவம்மா எந்திரிச்சுட்டா. "ஏ, ஏ! நூலோட எப்பிடி வறுப்பேன்?" அப்போதான் புள்ள மொகத்தப் பாத்தா. அப்பிடியே உக்காந்துட்டா. "சரி, சரி. தைக்கறதுதான் தைக்கிற, நெருக்கமாப் போடு. என்ன, சாக்கு மூட்டையா தைக்கிற?"

ஒரு தையல் போட்டுத் தண்ணி ஊத்துனா. சளசளன்னு ஒழுகுச்சு. ரெண்டாவது தையல். சொட், சொட், சொட். மூணாவது தையல் போட்டு, பல்லால நூலக் கடிக்கப் போனவள டீச்சர் "ஏய்!"னு அதட்டி, கத்தரி குடுத்தாங்க. மறுபடி தண்ணி. எல்லாத் தலையும் மேசைக்கு மேல. ஒரு சொட்டு மெதுவாத் திரண்டுச்சு... சொட். அப்புறம் காணோம். பாத்தாங்க, பாத்தாங்க, வரவே இல்ல.

அப்போ வாசல்ல எழிலரசியோட அப்பா, கையில பையோட. "கெளம்பலாமா தாயி?"

"அப்பா, இங்க வாங்க. இந்தச் சுவத்துலதான் ஓட்டையாம். வயித்துக்குள்ளயெல்லாம் கொட்டாதாம். நானே தச்சேன். எனக்கே ஒரு சொட்டுதான் ஒழுகுச்சு. டாக்டர் என்னைவிட நல்லாத் தைப்பாருல்ல?"

அவரு குனிஞ்சு அந்தத் தையலப் பாத்தாரு. ஆமான்னு தலைய ஆட்டுனாரு. குருவம்மா முந்தானையால மூக்கச் சிந்திக்கிட்டா. "போய்ட்டு வா சாமி. மாப்ளைக்கு முட்டை போதும்."

"அப்புறம் சரியாப்போச்சாப்பா?"

தச்சாங்க. நல்லாயிட்டா. இப்போ மாடியேறுனா மூச்சு வாங்குறதில்ல, வாய்தான் ஓயறதில்லையாம்.

ம்?

...

கதை அதோட வீட்டுக்குப் போயிருச்சு. நீ ஒன் தூக்கத்துக்குப் போ.