கோல் வலைக்குப் பின்னால் ஒரு நாற்காலி

கால்பந்துச் சங்கத் தலைவர் லூர்துராஜன், பத்திரிகைப் படங்களில் தம் முகம் மங்கலாக விழுவதைப் பொறுக்காதவர். இறுதிப்போட்டியன்று ஒளிப்படக்காரி ரெஜினாவை அழைத்தார்.

“கோல் விழுற படத்துல நானும் பளிச்சுன்னு தெரியணும். இல்லேன்னா உன் அனுமதி அட்டையைக் கிழிச்சிடுவேன்!”

“பெரிய லென்ஸுல தூரத்து ஆளுங்க மங்கிடுவாங்க ஐயா. வலைக்குப் பின்னால ஒட்டி நாற்காலி போட்டு உட்காருங்க. கோலும் நீங்களும் ஒண்ணாத் தெளிவா விழுவீங்க.”

தலைவர் மாலையும் கழுத்துமாக அமர்ந்தார். பந்து அவர் முகத்தை நோக்கிச் சீறி வந்தது.

மறுநாள் பத்திரிகைப் படத்தில் பந்து வலைக்குள் கிடந்தது. தலைவர் நாற்காலிக்கு அடியில் பதுங்கிக் கிடந்தார். இரண்டும் மிகத் தெளிவு.

ஊரே சிரித்தது. அடுத்த போட்டிக்கான அனுமதி அட்டையை லூர்துராஜன் தாமே கொண்டுபோய் ரெஜினாவிடம் நீட்டினார்.

“எங்க வேணும்னாலும் உட்காரு தாயி. கேமராவை மட்டும் என் பக்கம் திருப்பாதே!”