ஒரு நாள் மீதி

லெந்து என்னும் தவக்காலத்தின் நாற்பது நாளும் வாய் திறப்பதில்லை என்று பொருத்தனை பண்ணிக்கொண்டு அருமைநாயகம் வாத்தியார் ஜெபவீட்டில் வந்து தங்கியிருந்தார். எதுவானாலும் சிலேட்டில்தான் எழுதிக் காட்டுவார். அவர் பேசாததைப் பற்றி ஊரே பேசியது. அதில் அவருக்கும் கொஞ்சம் சந்தோஷம்தான்.

ஜெபவீட்டை நடத்தும் ஜெபசீலியம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் வாத்தியார் அந்த அம்மாவைத்தான் குருவாக ஏற்றிருந்தார்.

முப்பத்தொன்பதாம் நாள் காலையில் ஜெபசீலியம்மா போனோடு ஓடிவந்தார்.

"சார், உங்க மதினி பேசுறாங்க. அண்ணனுக்கு இதயத்துல ஆபரேஷனாம். பிழைக்கிறது பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொல்லிட்டாராம். உள்ள கொண்டுபோறதுக்குள்ள அண்ணனுக்கு உங்க குரலைக் கேக்கணுமாம்."

வாத்தியாரின் முகம் வெளுத்தது. ஆறு வருஷத்துக்கு முன், அம்மாவை அடக்கம் பண்ணிய கல்லறைத் தோட்டத்திலேயே நின்று, "உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தியவர் அவர். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சே இல்லை.

சிலேட்டை எடுத்து எழுதினார். 'இன்னும் ஒரே நாள். பேசினால் பொருத்தனை முறிந்துவிடும்.'

"எதுக்காகப் பண்ணுன பொருத்தனை?"

'நாக்கை அடக்க.'

"அந்த நாக்கு யாரைச் சுட்டுச்சு?"

போனில் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது. "தம்பி இருக்கானா?" என்று ஒரு மெலிந்த குரல் கேட்டது.

வாத்தியார் அவசரமாகக் கிறுக்கி நீட்டினார். 'ஜெபிக்கிறேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.'

ஜெபசீலியம்மா சிலேட்டைப் பிடுங்கி முந்தானையால் துடைத்தார். திருப்பிக் கொடுக்கவில்லை. போனை அவர் காதில் வைத்து அழுத்தினார்.

வாத்தியார் வாய் திறந்தார்.

"அண்ணே... அண்ணே, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. மன்னிச்சிரு. இந்தா, இப்பவே புறப்படுதேன்."

அந்தப் பக்கம் கேட்டது அழுகையா மூச்சா என்று தெரியவில்லை. போன் நின்றுபோனது.

சட்டையை மாட்டிக்கொண்டே வாத்தியார் விம்மினார். "ஒரு நாள் மீதி இருக்கையில கெடுத்துட்டேனேம்மா. முப்பத்தொன்பது நாளும் வீணாப் போச்சே."

ஜெபசீலியம்மா அவருடைய செருப்பை எடுத்து வாசலில் போட்டார்.

"இந்த போன் முதல் நாளே வந்திருந்தா, நீங்க அண்ணன்கிட்ட என்ன சொல்லியிருப்பீங்க சார்?"