முகமலர்த்திச் சாறும் பன்னிரண்டு சுண்டெலிகளும்

சித்த வைத்தியர் தாணுமாலயனுக்கு ஐம்பத்தொரு வயது. அவருடைய ஆராய்ச்சி வழிகாட்டி ரெஜினாவுக்கு முப்பத்தாறு. நாகர்கோவிலில் நாலு தலைமுறையாக நாடி பார்த்த குடும்பத்து மனிதர் தங்கச்சி வயதுக்காரியிடம் பாடம் கேட்க வந்தார் என்றால், அதற்கு ஒரு செடிதான் காரணம்.

அவர் வீட்டில் அதற்கு முகமலர்த்தி என்று பெயர். மனசு விட்டுப்போய், சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களுக்கு அவர் அப்பா அதைத்தான் இடித்துக் கொடுத்தார். பலர் எழுந்து உட்கார்ந்தார்கள். ஊர் அதைக் கைராசி என்றது. தாணுமாலயனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். செடியின் வேலைக்குக் கைக்கு எதற்குப் பேர்? அதை நிரூபிக்கத்தான் மருந்தியல் ஆய்வகத்துக்கு வந்திருந்தார்.

அங்கே செய்வது இதுதான். சுண்டெலிக்குச் சாறு கொடுத்து, கண்ணாடி ஜாடித் தண்ணீரில் ஆறு நிமிடம் விடுவார்கள். முதலில் நீந்தும். பிறகு முயற்சியை விட்டுவிட்டு அசையாமல் மிதக்கும். மிதக்கும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுக்க வேண்டும். மனச்சோர்வுக்கு ஆகிற மருந்தென்றால் அந்த நேரம் குறையும்.

வெறும் தண்ணீர் குடித்த எலிகளைவிட முகமலர்த்தி குடித்தவை எழுபது விநாடி குறைவாக மிதந்தன. வைத்தியருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இப்பமாவது ஒத்துக்கிடுவீங்களா மேடம், எல்லாம் செடிதான்னு?"

ரெஜினா அறிக்கையைப் புரட்டினார். "மருந்து கொடுத்தது யாரு சார்?"

"நான்தான்."

"வாட்ச் பிடிச்சது?"

"அதும் நான்தான். வேற ஆளை நம்ப முடியுமா?"

"நாளைக்கு இன்னும் பன்னிரண்டு எலி பாப்போம். மருந்து நான் கொடுக்கேன், நீங்க வாட்ச் மட்டும் பிடிங்க. முதல் ஆறுக்கும் உங்க செடி. அடுத்த ஆறுக்கும் தண்ணி."

மறுநாள் வைத்தியர் ஜாடி முன்னால் குந்திக்கொண்டார். முதல் ஆறில் ஒன்று ஒரு கால் அசைத்தால்கூட, "நீந்துகான், நீந்துகான்" என்று முணுமுணுத்தார். ஒவ்வொன்றையும் துண்டால் துடைத்துப் பல்பு சூட்டில் விட்டார். அடுத்த ஆறையும் துடைத்தார், ஆனால் பேசவில்லை.

கூட்டிக் கழித்துவிட்டு நிமிர்ந்தார். "முதல் ஆறுக்கு அறுபத்தஞ்சு விநாடி குறைவு மேடம்."

"பன்னிரண்டுக்கும் நான் தண்ணிதான் கொடுத்தேன் சார்."

வைத்தியர் வாட்சை மேஜைமேல் வைத்தார்.

"அப்ப என் செடி?"

"செடியைப் பத்தி எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. மருந்து எலிக்குள்ள போறதுக்கு முந்தி வாட்ச் அமுக்குற உங்க கட்டைவிரலுக்குள்ள போயிருக்கு."

மூன்று நாள் அவர் ஆய்வகத்துப் பக்கமே வரவில்லை. அவமானம் ஒருபுறம், கோபம் ஒருபுறம். கோபம் முழுக்க ரெஜினா மேல் என்றுதான் முதலில் நினைத்தார். கைராசி என்று ஊர் சொன்னது பொய்யில்லையோ என்ற பயம் அதற்கடியில் இருந்தது. அந்தப் பயத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை.

நாலாம் நாள் வந்தார். பழைய அறிக்கையில் குறுக்கே கோடு போட்டு, மேஜைமேல் வைத்தார்.

"இனிமே குப்பியில பேரு எழுதாதீங்க மேடம். நம்பர் போதும். எதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா என் விரல் நான் சொல்றதைக் கேக்காது."

நாலு தலைமுறைப் பேரை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்க நெஞ்சுரம் வேண்டும். மனிதரிடம் அது இருந்தது.

இரண்டு மாதம், அறுபது எலிகள். ஜாடி முன்னால் வைத்தியர் வாய் திறக்கவில்லை. கடைசி நாளில் ரெஜினா பூட்டிய மேஜையைத் திறந்து, எந்த நம்பரில் எது இருந்தது என்ற தாளை எடுத்தார். அவரே கணக்கும் போட்டார்.

"இருபத்திரண்டு விநாடி குறைவு சார். தற்செயல் இல்ல, ரெண்டு தடவை பாத்துட்டேன்."

வைத்தியர் முகம் வாடிப்போனது. "முதல்ல எழுபது இருந்துதே மேடம். வெறும் இருபத்திரண்டா?"

ரெஜினா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். தாளை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அந்த எழுபதுல செடி எவ்வளவு, நீங்க எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இதுல ஒரு விநாடிகூட உங்களோடது இல்ல சார். இருபத்திரண்டும் செடியோடது."