செவலைக்கு ஊர்ப்பட்ட நன்றி

ஓடைக்கரைக் காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே டீச்சர் ஒரு பச்சைக்கிளி. பெயர் பவழவல்லி. நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் வராந்தாவில் இரண்டு வருஷம் கூண்டில் தொங்கியவள். காதில் விழுந்ததையெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு, கூண்டுக் கதவு திறந்திருந்த நேரம் பார்த்துக் காட்டுக்குப் பறந்து வந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து ஒரே முழக்கம்தான்.

"பிள்ளைகளுக்குப் பிறர் மனசு புரியணும்! ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு உணர்வு! தீபாவளிக்குப் பகிர்தல், மாட்டுப் பொங்கலுக்கு நன்றி!"

தீபாவளிப் பகிர்தல் நடந்த லட்சணத்தைக் கேளுங்கள். பகிர்வதன் பெருமையைப் பற்றி மந்திக்குட்டி அரை மணி நேரம் பேசியது. பேசிக்கொண்டே பலகாரம் முழுவதையும் தானே தின்று தீர்த்தது. முதல் பரிசும் அதற்குத்தான்!

மாட்டுப் பொங்கல் வந்தது. நன்றி வாங்கிக்கொள்ள ஒரு மாடு வேண்டுமே! இருக்கவே இருந்தார் செவலை மாமா. வயசான காளை. பள்ளிக்கூடம் ஓடைக்கு இந்தப் பக்கம், பிள்ளைகளின் வீடுகள் அந்தப் பக்கம். காலையும் மாலையும் பிள்ளைகளை முதுகில் ஏற்றி ஓடையைக் கடத்திவிடுகிறவர் அவர்தான். அதற்காக ஒரு பிடி புல்கூட யாரிடமும் கேட்டதில்லை.

விடிந்ததும் அவரைப் பள்ளிக்கூட முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கொம்புக்குச் சாயம் பூசினார்கள். கழுத்துக்கு ஏழு மாலை. பூக்கயிற்றால் ஆலமரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். அணில்கள் வாலை மாவில் தோய்த்து அவரைச் சுற்றிலும் பெரிய கோலம் போட்டன.

"மாமா, அசையாதீங்க! கோலம் கலைஞ்சிடும்!" என்றாள் பவழவல்லி. "சிறப்பு விருந்தினர் கரடியார் வந்ததும் விழா ஆரம்பம்!"

கரடியார் வந்தாரா? சிறப்பு விருந்தினர் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார்? சும்மா இருப்பானேன் என்று பவழவல்லி ஒத்திகையைத் தொடங்கினாள். முயல் நன்றியுரை படித்தது. மயில் நன்றி நடனம் ஆடியது. மறுபடியும் முயல். மறுபடியும் மயில். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

செவலை மாமாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இருபது அடியில் ஓடை சலசலவென்று ஓடுகிறது. கட்டுப்பட்ட மாடு என்ன செய்யும்?

"டீச்சரம்மா, ஒரு வாய்த் தண்ணி..." என்றார்.

பவழவல்லிக்கு வந்த பூரிப்பைப் பார்க்கணுமே! "கேட்டீங்களா பிள்ளைகளே? தன் உணர்வைத் தானே வாயால சொல்றார்! கை தட்டுங்க!"

எல்லோரும் தட்டினார்கள். தண்ணீர்தான் வரவில்லை.

பவழவல்லி ஒரு தேக்கிலையைத் தூக்கிக் காட்டினாள். அதில் கரியால் நாலு முகம் வரைந்திருந்தது. சிரிப்பு, அழுகை, கோபம், பயம்.

"இப்ப மாமாவோட முகம் இதுல எது? யோசிச்சுச் சொல்லுங்க!"

"தாகத்துக்குப் படமே இல்லையே டீச்சர்!" என்றது முயல்.

"படம் இல்லைன்னா அது உணர்வே இல்லை. உட்கார்! சரி, மாமாவோட இடத்துல நீங்க இருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

மந்திக்குட்டி எழுந்தது. போன கோடையில் தனக்குத் தாகம் எடுத்த கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னது. சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதது. பவழவல்லிக்கும் கண் கலங்கிவிட்டது. அதன் காதில் ஓர் ஆவாரம்பூவைச் செருகினாள். நல்ல மனசுக்கு அந்தப் பள்ளியில் அதுதான் மதிப்பெண்.

கடைசி வரிசையில் காட்டுப்பன்றிக் குட்டி குண்டுமணி உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் சேறு. இதுவரை ஒரு பூகூட வாங்காதவள்.

"நீ சொல்லுடி! உனக்குத் தாகம் எடுத்தா எப்படி இருக்கும்?"

"தண்ணி குடிப்பேன் டீச்சர்."

"என்ன செய்வேன்னு யார் கேட்டா? மனசுக்குள்ள என்ன தோணும்?"

"தண்ணி குடிக்கணும்னு தோணும் டீச்சர்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. "களிமண்ணு! இரக்கத்துல உனக்குப் பூஜ்ஜியம்!" என்றாள் பவழவல்லி.

அந்த நேரம் செவலை மாமாவின் முன்னங்கால் இரண்டும் மடிந்தன. தலை தொங்கியது. வாயோரம் நுரை தள்ளியது.

"ஆகா!" என்று சிறகடித்தாள் பவழவல்லி. "பாருங்க, நம்ம நன்றியை எவ்வளவு பணிவா ஏத்துக்கிறார்!"

குண்டுமணி துள்ளி எழுந்தாள். "டீச்சர், மாமா செத்துப்போயிடுவாரு!" என்று அலறினாள்.

"விழா நேரத்துல அபசகுனமாப் பேசாதே!"

குண்டுமணி ஓடைக்கு ஓடினாள். தண்ணீரில் முங்கினாள். சொட்டச் சொட்டத் திரும்பி வந்து கோலத்தின் மேலேயே ஓடி, மாமாவின் வாயருகே முதுகைக் காட்டினாள். மாமா அந்த ஈர முதுகை நக்கினார். மறுபடியும் ஓடினாள், மறுபடியும் நனைந்து வந்தாள். நாலு தடவை! ஐந்தாவது தடவை பூக்கயிற்றைக் கடித்து அறுத்தாள். மாமா தள்ளாடி எழுந்தார். குண்டுமணி மேல் சாய்ந்தபடி ஓடைக்கு நடந்தார்.

"ஐயோ என் கோலம்!" என்று பவழவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "சுயக்கட்டுப்பாட்டிலயும் உனக்குப் பூஜ்ஜியம்டி!"

வெயில் சாய்ந்த பிறகு கரடியார் வந்தார். நேராகப் பொங்கல் பானையிடம் போனார். வாய் நிறையப் பொங்கலோடு சுற்றும் முற்றும் பார்த்தார்.

"மாட்டுப் பொங்கல்னீங்க. மாடு எங்கே?"

"மாடா முக்கியம்? நன்றிதானே ஐயா முக்கியம்!" என்றாள் பவழவல்லி.

"அதுவும் சரிதான்!" என்றார் கரடியார். மாடு நின்ற வெறும் தரையைப் பார்த்து முயல் நன்றியுரை படித்தது. அதே தரையைச் சுற்றி மயில் ஆடியது. 'இரக்கத்தில் இந்தக் காட்டுக்கே முதல் பள்ளி' என்று ஓலையில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கரடியார் பானையோடு கிளம்பினார்.

பவழவல்லிக்குச் சிறகு இருந்தது. ஓலையைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டாள். மயிலும் அவள் பின்னாலேயே பறந்தது. மற்ற பிள்ளைகள் ஓடைக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். அங்கே ஆழமில்லாத தண்ணீரில் செவலை மாமா படுத்திருந்தார். பக்கத்தில் குண்டுமணி.

"மாமா! பொழுது சாயுது, எங்களுக்குப் பயமா இருக்கு. கடத்தி விடுங்க!" என்றது முயல்.

"அடடே! உங்க உணர்வை எவ்வளவு அழகாச் சொல்றீங்க!" என்றார் மாமா. "தட்டணும்போல இருக்கு. எனக்குத்தான் கை இல்லை."

மந்திக்குட்டி தேம்பியது. இந்தத் தடவை நிஜமான அழுகை. காதிலிருந்த ஆவாரம்பூவை எடுத்துக் குண்டுமணியிடம் நீட்டியது. அவள் அதை வாங்கி மென்று தின்றுவிட்டாள். பசி!

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெல்ல எழுந்து முதுகைக் காட்டினார்.

"சரி சரி, ஏறுங்க. ஆனா ஒண்ணு. ஒருத்தரும் எனக்கு நன்றி சொல்லிடாதீங்க. இன்னொரு தடவை நின்னு கேக்க என் காலுக்குத் தெம்பு இல்லை."

நன்றி சொல்ல வாயைத் திறக்குமுன், எதிரே நிற்கிறவரின் வாய் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.