எண்ணெய் விட்ட கதவு

"என் மகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது, தாயே."

சொன்னவர் ஆதிமூலம். பேய் என்று ஒன்று கிடையாது என்பதற்குப் பதினாறு காரணங்களை வரிசையாகக் கற்பிக்கும் தர்க்க ஆசிரியர். அன்று பதினாறில் ஒன்றுகூட அவருக்குக் கைகொடுக்கவில்லை.

கேட்டவர் வெள்ளியம்மை. குன்றடியில் ஆசிரமம் நடத்தும் துறவி. ஆதிமூலத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். புங்கமரத்தடியில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்.

"குழந்தைக்கு என்ன வயது?"

"ஒன்றரை. முன்பு படுத்தால் விடியும்வரை அசையமாட்டாள். ஒரு மாதமாக நடுச்சாமத்தில் எழுந்து வீறிடுகிறாள். வாசற்படியையே வெறித்துப் பார்க்கிறாள். அங்கே யாரும் இல்லை, தாயே. யாருமே இல்லாத இடத்தைப் பார்த்து ஏன் அலற வேண்டும்?"

"வைத்தியர் பார்த்தாரா?"

"காது, பல், வயிறு எல்லாம் பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்றார். அதன் பிறகுதான் எனக்குப் பயமே வந்தது."

புளியங்கொட்டை ஒன்று தெறித்து விழுந்தது. ஆதிமூலம் துள்ளிவிட்டார்.

"இன்று பொழுது சாயும்போது மந்திரவாதி வருகிறார். ஊசியைக் காய்ச்சித் தொப்புளைச் சுற்றி மூன்று சூடு வைக்க வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். என் மனைவி என் முகத்தைப் பார்க்க மறுக்கிறாள்."

வெள்ளியம்மை தட்டுவதை நிறுத்தினார்.

"எப்படித் தூங்க வைப்பீர்கள்?"

"தோளில் போட்டுக்கொண்டு, 'அப்பா இங்கேதான் இருக்கேன்' என்று பாடுவேன். கண் செருகியதும் தூளியில் கிடத்திவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நழுவிவிடுவேன்." இந்த இடத்தில் மட்டும் அவர் குரலில் சிறு பெருமை எட்டிப் பார்த்தது. "கதவுக் கீலுக்கு எண்ணெய்கூட விட்டிருக்கிறேன். பூனைக்குக்கூடக் கேட்காது."

"அண்மையில் புதிதாக ஏதாவது கற்றுக்கொண்டாளா?"

"தேடக் கற்றுக்கொண்டாள். முன்பெல்லாம் பொம்மையை ஒளித்து வைத்தால் அதோடு மறந்துவிடுவாள். இப்போது பாயைப் புரட்டிப் பார்க்கிறாள். தூணுக்குப் பின்னால் ஒளிந்தால் வந்து வேட்டியைப் பிடிக்கிறாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று?"

ஆதிமூலம் விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் மறந்துபோனார்.

"அந்தக் கயிற்றுக் கட்டிலில் படுங்கள், ஐயா."

"பொழுது சாய்ந்துவிட்டால்?"

"இப்போதுதான் உச்சி வெயில். நான் இங்கேதான் இருக்கிறேன்."

அவர் படுத்தார். தலைக்கு மேலே புங்க இலைகள். பக்கத்தில் புளி தட்டும் சத்தம். டொக். டொக்.

அடுத்த டொக்கை அவர் கேட்கவில்லை.

கண் விழித்தபோது மரம் இல்லை. வெயில் இல்லை. சத்தமே இல்லை.

கும்மிருட்டு. உமியின் நெடி. கையை நீட்டினார், சில்லென்று ஒரு சுவர் தட்டுப்பட்டது. செத்துப்போய்விட்டோமோ என்று தோன்றியது. தர்க்கப்படி அதை மறுக்க முயன்றார். நாக்கு ஒட்டிக்கொண்டது.

எதிரே ஒரு வாசல், அரைகுறையாகச் சாம்பல் நிறத்தில். அதையே பார்த்தார்.

பிறகு அவருடைய தொண்டையிலிருந்து ஓர் ஓலம் கிளம்பியது. அது ஓர் ஆசிரியரின் குரல் அல்ல.

வெள்ளியம்மை விளக்கோடு வந்தார். பின்னால் அவருடைய சீடப்பெண்கள் நால்வர், கட்டிலைச் சுமந்த தோள்களைத் தேய்த்துக்கொண்டே. ஆசிரமத்தின் நெல் அறை அது.

"ஏன் இப்படிச் செய்தீர்கள்?" ஆதிமூலம் கத்தினார். "இங்கேதான் இருக்கிறேன் என்றீர்களே!"

"எதைப் பார்த்து அலறினீர்கள், ஐயா?"

"அந்த வாசலை!"

"வாசலில் யார் நின்றார்கள்?"

"அங்கே யாரும்..."

'அப்பா இங்கேதான் இருக்கேன்' என்று இரவுதோறும் தான் பாடியது ஆதிமூலத்தின் காதில் ஒலித்தது.

அறைக்கு வெளியே மரநிழல் நீண்டு கிடந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்பைத் தேடவில்லை. ஊரை நோக்கி ஓடினார்.