மீசைக்கு நடந்த அறுபதாம் கல்யாணம்

பத்திரிகை முதலாளி தாமோதரசாமி நல்ல கறுப்பு. கோபமும் நல்லாவே வரும். முந்தின நாள் நடந்த அவருடைய அறுபதாம் கல்யாணப் படம் மறுநாள் முதல் பக்கத்தில் வர வேண்டும். படங்களை அச்சுக்குத் தயார் செய்யும் செண்பகவல்லியின் பின்னால் வந்து நின்றார்.

"என் முகம் வெள்ளையா வரணும். இல்லேன்னா நாளைக்கு நீ வேலைக்கே வரவேண்டாம்."

"எவ்வளவு வெள்ளை சார்?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு!"

அரைமணி நேரத்தில் மாதிரித்தாளை நீட்டினாள். படத்தில் முதலாளியம்மா சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், மாலைக்கு மேலே, ஒரு மீசையும் கண்ணாடியும் மட்டும் அந்தரத்தில் தொங்கின.

"நான் எங்கேம்மா?"

"நம்ம மெஷின்ல வெள்ளை மையே கிடையாது சார். தாளோட வெள்ளைதான். அதான் உங்க முகத்துக்கு மையே வைக்கல. இதுக்கு மேல வெளுக்க முடியாது."

"அதுக்காக? என் பொண்டாட்டி ஒரு மீசைக்கு மாலை போட்டுட்டு உட்கார்ந்திருக்கா! என் மூஞ்சியைக் குடு."

செண்பகவல்லி கீபோர்டுக்கு அடியிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். அதில் முதலாளி சொந்த நிறத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதை எப்போ எடுத்தே?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே சார். அம்மா காலைலயே போன் பண்ணிட்டாங்க. 'அவர் வெள்ளையாக்கச் சொல்லுவாரு, நீ கை வைக்காதே. எனக்கு அந்த முகம்தான் வேணும்'னாங்க."