செப்பு ஆணியும் இரட்டைக் குட்டையும்

ஏரியை வெட்டிய அரசர் யார் என்பது மறந்துபோய், ஏரி மட்டும் நிலைத்திருந்த ஒரு காலத்தில், வாளைநாடு என்றொரு சின்ன நாடு இருந்தது. அந்த நாட்டுக்குப் பெரிய மலை கிடையாது, பெரிய ஆறு கிடையாது, பெரிய படையும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு பெரிய ஏரி. ஏரிக்குக் கீழே வயல்கள். வயல்களுக்குக் கீழே வீடுகள். கரை நின்றால் ஊர் நிற்கும். கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்த நாட்டை ஆண்டவள் கொற்றவல்லி. பட்டத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோடையில் பரவிய விஷக்காய்ச்சல் அவளுடைய தந்தையைக் கொண்டுபோயிருந்தது. பிழைத்து எழுந்தவர்களுக்கும் பழைய வலு இன்னும் திரும்பவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் ஏரிக்கரைக்கு மண் போட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் கரையில் ஒரு பங்கு உண்டு. அரண்மனைக்கும் ஒரு பங்கு உண்டு. அவரவர் பங்கில் அவரவர் மண் சுமந்து கொட்டி, மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இந்த வருடமோ வேலை நகரவில்லை. ஒரு கூடை சுமந்தவர் மறுகூடைக்கு மூச்சு வாங்க உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே இருந்தார்.

வானமோ நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டு வந்தது. அரண்மனை மாடத்திலிருந்து அந்தக் கறுப்பைப் பார்க்கும்போதெல்லாம் கொற்றவல்லி கரையில் இன்னும் எவ்வளவு வேலை பாக்கி என்று கணக்குப் போட்டாள்.

அப்படிப்பட்ட நாளில்தான் நம்பி என்கிற பெரியவர் அந்த ஊருக்கு வந்தார். தோளில் ஒரு கோணிப்பை. பைக்குள் முழங்கை நீளத்துக்குச் செப்பு ஆணிகள்.

"இந்த ஆணிக்கு மந்திரக்கட்டு உண்டு. இதைக் கரையில் அடித்துவிட்டால் எந்த வெள்ளத்துக்கும் கரை உடையாது" என்றார் நம்பி. "கீழைநாட்டு ஏரியில் அடித்தேன். மேலைநாட்டு ஏரியில் அடித்தேன். தென்னாட்டு ஏரியிலும் அடித்தேன். ஆனால் ஒன்று. ஆணி அடித்த பிறகு கரையில் யாரும் ஒரு கூடை மண்கூடப் போடக் கூடாது. போட்டால் ஆணியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். கட்டு அவிழ்ந்துவிடும்."

"கூலி என்ன வேண்டும் ஐயா?" என்று கேட்டார்கள்.

"ஒரு வாய்க் கஞ்சி போதும்" என்றார் அவர்.

அவ்வளவுதான். ஊர் முழுக்க அதே பேச்சு. ஏமாற்றுகிறவராக இருந்தால் கஞ்சியோடு விடுவாரா என்றார்கள். கூடைகள் கவிழ்ந்தன. மண்வெட்டிகள் மூலைக்குப் போயின. வரும் வளர்பிறையில் ஆணி அடிப்பதென்று ஊரார் தாங்களே முடிவு செய்துகொண்டு, உத்தரவு கேட்க அரண்மனைக்கு வந்தார்கள்.

கொற்றவல்லி யோசித்தாள். ஆணி உண்மையாக இருந்தால் இந்த இளைத்த ஜனங்களுக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. உண்மையாக இல்லாவிட்டால்?

அமைச்சர் ஆதன் முன்னால் வந்தார். அவளைத் தூக்கி வளர்த்தவர். "அம்மா, எதற்கு இந்தத் தயக்கம்? ஆணி பொய்யென்று தோன்றினால் பொய்யென்று காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் உத்தரவு கொடுங்கள்."

"சரிதானே, அமைச்சர் சொல்வது நியாயம்தானே" என்றது கூட்டம்.

கொற்றவல்லிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆகவே, ஆணி பொய்யென்று காட்டுவதற்கு அவள் புறப்பட்டாள்.

முதலில் செம்புப் பாத்திரம் செய்யும் கன்னாரை அழைத்து ஆணியைக் கொடுத்தாள். அவர் தட்டிப் பார்த்தார், தேய்த்துப் பார்த்தார், நாக்கில் வைத்தும் பார்த்தார். "கலப்படமே இல்லாத செம்பு, தாயே. மந்திரம் இருக்கிறதா என்று கேட்டால் நான் எதைத் தட்டிப் பார்ப்பது?" என்றார்.

அடுத்து, கீழைநாட்டுப் பக்கம் போய்வரும் ஓர் உப்பு வணிகரை அழைத்தாள். "ஆணியைப் பார்த்தேன், தாயே. கரையையும் பார்த்தேன். நன்றாகத்தான் நிற்கிறது" என்றார் அவர்.

கடைசியில் நம்பியையே அழைத்து எதிரில் உட்காரவைத்து, அவர் கண்களைப் பார்த்துக் கேட்டாள். "ஐயா, நீங்கள் சொல்வது உண்மையா?"

"என் குரு எனக்குச் சொன்னது, அம்மா. அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை" என்றார் நம்பி. அந்தக் கண்களில் கள்ளம் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. பொய்யர் என்றால் விரட்டிவிடலாம். நல்லவரை என்ன செய்வது?

வளர்பிறை நாளுக்கு முதல் நாள் காலை, மனம் கேட்காமல் கொற்றவல்லி கரைக்குப் போனாள். வேலை பாதியில் நின்ற கரை, பல் விழுந்த வாய்போல அங்கங்கே பள்ளமாகக் கிடந்தது. இரண்டே பேர்தான் அங்கே இருந்தார்கள். ஒருத்தி வீராயி. மற்றவர் அவளுடைய கொழுந்தனார் மாடன். இருவர் பங்கும் அடுத்தடுத்து இருந்தன. இருவருக்கும் சண்டை.

"என் பங்கு முடிந்தது, நான் போகிறேன்" என்றார் மாடன்.

"முடிந்ததா? குடத்தை எடுங்கள் கொழுந்தனாரே. தண்ணீரை ஊற்றிக் காட்டிவிட்டுப் போங்கள்."

அந்த ஊர்க் கரைவேலையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பங்கை முடித்தவர் கரையின் தலையில் சின்னக் குழி பறித்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டும். தண்ணீர் நின்றால் மண் கெட்டி. வடிந்துபோனால் மறுபடியும் மிதிக்க வேண்டும்.

"நான் மிதித்த மிதிக்கு யானையே நடக்கலாம். கெட்டியில்லை என்றால் எங்கே ஓட்டை என்று நீ காட்டேன் பார்ப்போம்!"

வீராயி இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "நல்ல கதை! போட்டது நீங்கள், தோண்டிப் பார்ப்பது நானா? உங்கள் அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால் இப்படித்தான், நான் உழைப்பாளி இல்லையென்று காட்டு பார்ப்போம் என்றார். அன்றைக்கு ஏமாந்தேன். இன்றைக்கு ஏமாற மாட்டேன். ஊற்றுங்கள் தண்ணீரை!"

மாடன் முணுமுணுத்துக்கொண்டே குடத்தை எடுக்கப் போனார்.

கொற்றவல்லி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். கரையில் ஒரு கூடை மண் போட்டவரே தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறார். கரை முழுவதையும் ஓர் ஆணி காக்கும் என்று சொன்னவர் ஒரு சொட்டும் ஊற்றிக் காட்டவில்லை. அவரைக் கேட்க வேண்டியதை அமைச்சர் நம்மைக் கேட்டார். நாமும் தலையாட்டிவிட்டு, கன்னாரிடமும் வணிகரிடமும் ஓடிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தாள்.

அன்றைக்கே ஊரைக் கூட்டினாள்.

"ஆணி பொய்யென்று என்னால் காட்ட முடியவில்லை" என்றாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. அவள் கை உயர்த்தினாள். "காட்ட வேண்டியது நானும் இல்லை. நம்பி ஐயா, மடைக்குக் கீழே மாடுகள் தண்ணீர் குடிக்கும் இரட்டைக் குட்டை இருக்கிறது. இரண்டும் ஒரே அளவு. இரண்டின் கரையும் குளம்பு பட்டு ஒரே மாதிரி நைந்திருக்கிறது. ஒன்றில் உங்கள் ஆணியை அடியுங்கள். மற்றதை அப்படியே விட்டுவிடுவோம். மடையைத் திறந்து இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடுவோம். அதுவரை ஏரிக்கரையில் நிறுத்திய மண்வேலை மறுபடி நடக்கட்டும்."

கூட்டம் கொதித்துவிட்டது.

"இருக்கிற தண்ணீரையும் குட்டையில் விடுவதா?"

"பெரியவரைச் சோதிப்பதா?"

"ஆணி கோபித்துக்கொண்டால் பழி யார்மேல்?"

"என்மேல்" என்றாள் கொற்றவல்லி. ஒருவேளை ஆணி உண்மையாகவே இருந்து, தன் சந்தேகத்தால் கட்டு அவிழ்ந்துவிட்டால்? அந்தப் பயம் அவளுக்கும் இல்லாமல் இல்லை.

நம்பி மட்டும் சிரித்தார். "இதற்கா இத்தனை சத்தம்? ஏரியைக் காக்கிற ஆணிக்குக் குட்டை எம்மாத்திரம்? வாருங்கள்."

மடை திறந்தது. ஊரே குட்டைகளைச் சுற்றி நின்றது. நம்பி மந்திரம் சொல்லி, கரையில் ஆணியை ஓங்கி அடித்து இறக்கினார். தண்ணீர் ஏறியது. முதலில் புல் மூழ்கியது. பிறகு குளம்புத் தடங்கள் மூழ்கின. பிறகு ஆணி இறங்கிய மட்டம் வரை வந்தது.

தூரத்தில் இடி உருண்டது.

ஆணிக்குப் பக்கத்தில், கரையின் வெளிப்புறத்தில், ஒரு கண்ணீர்த்துளிபோல ஈரம் தெரிந்தது. துளி ஒழுக்கு ஆனது. ஒழுக்கு ஓட்டம் ஆனது. ஆணி இறங்கிய துளையின் வழியே தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கரை வாய் பிளந்தது. ஆணி சேற்றோடு உருண்டு ஓடியது. ஆணி அடிக்காத குட்டை இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து, பிறகுதான் வழிந்து உடைந்தது.

நம்பி சேற்றில் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஏசத் தொடங்கினார்கள். கொற்றவல்லி அவர்களை அடக்கிவிட்டு அவர் அருகே போனாள்.

"ஐயா, கீழைநாட்டில், மேலைநாட்டில், தென்னாட்டில் ஆணி அடித்தீர்களே. அங்கே வெள்ளம் வந்தபோது கரை நின்றதை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா?"

நம்பி சேற்றில் கிடந்த ஆணியைப் பார்த்தார். "இல்லை, அம்மா" என்றார் பிறகு. "இந்தக் கோடையில்தான் அடித்தேன். ஓர் ஊரில் அடித்ததும் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவேன். மழைக்கு நான் எங்கும் தங்கியதில்லை."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. "அம்மா! மண் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே! மூன்று ஊரிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே!"

கொற்றவல்லி வானத்தைப் பார்த்தாள். பிறகு தன் குதிரையைக் கொண்டுவரச் சொன்னாள்.

"ஏறத் தெரியுமா ஐயா?"

"தெரியாது."

"விழுந்தால் மறுபடி ஏறிக்கொள்ளுங்கள். நிற்காமல் போங்கள்."

அவர் போன திசையில் புழுதி அடங்குவதற்குள் வாளைநாட்டார் கூடைகளை எடுத்துவிட்டார்கள். ஆதன் தலைப்பாகையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, அரண்மனைப் பங்கில் மண் சுமந்தார். கொற்றவல்லியும் சுமந்தாள். தங்கள் பங்கை முடித்ததும் குடத்தை எடுத்தாள். முதல் தடவை தண்ணீர் வடிந்துவிட்டது. வீராயி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அரசி மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

மழை வந்தது. சும்மா வரவில்லை. ஏரி விளிம்பு வரை ஏறி, கரைமேல் நின்றவர்களின் காலை நனைத்தது. அங்கே கசிந்தது, இங்கே கசிந்தது. கசிந்த இடத்துக்கெல்லாம் கூடை ஓடியது. மழை விட்டபோது கரை நின்றுகொண்டிருந்தது. ஆனால் கொற்றவல்லிக்கு அந்த மூன்று ஊர்களின் நினைவு போகவில்லை. நம்பி போன பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாதையில் சேறு காய்ந்த பிறகு உப்பு வணிகர் செய்தி கொண்டுவந்தார்.

கீழைநாட்டார் ஆணியை அடிக்கவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒருவருக்கும் தெரியாமல் மண்ணும் போட்டு வந்திருந்தார்கள். அவர்கள் கரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவர்கள் ஆணிக்குத்தான் மாலை போட்டிருந்தார்கள்.

மேலைநாட்டார், "ஆணி பொய்யென்று இப்போது வந்து சொன்னால் நம்பிவிடுவோமா? காட்டும்!" என்று நம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மறுபேச்சுப் பேசாமல் அவர்கள் ஊர்க் குட்டையில் ஆணியை அடித்து, தண்ணீர் விட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் மண்வெட்டியோடு ஓடினார்கள். தப்பித்தார்கள்.

தென்னாட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது கரை இல்லை. வயல் இருந்த இடத்தில் மணல்மேடு இருந்தது. ஜனங்கள் குன்றின்மேல் ஒண்டியிருந்தார்கள். ஆணி அவருடையதுதான் என்று அவரே சொன்னார். ஒருவரும் அவரை அடிக்கவில்லை. ஒருவரும் அவரோடு பேசவும் இல்லை. அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

"இப்போது என்ன செய்கிறார்?" என்று கேட்டாள் கொற்றவல்லி.

"மண் சுமக்கிறார், தாயே. விடிந்ததும் முதல் கூடை அவருடையதுதான்."

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, சிறியவர்களே, பெரியவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: பெரிய அதிசயத்தைச் சொல்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதற்கேற்ற பெரிய சான்றை அவரே காட்ட வேண்டும், அதுவரை நாம் நம் கையிலிருக்கும் கூடையைக் கீழே வைக்கக் கூடாது.